ஜாஸ் மறுவெளியீடுகளில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது எப்படி: புதிதாகக் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஜாஸ் கேட்கத் தொடங்கும் ஒருவருக்குப் பெரும்பாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. 1959இல் வெளிவந்த அந்தத் தொகுப்பை வாங்கலாம் என்று தேடத் தொடங்கும்போதுதான் சிக்கல் தெரியவரும். ஒரே அட்டைப்படமும் அதே ஐந்து உருப்படிகளும் கொண்ட எத்தனையோ சிடிகளும் எல்பிகளும் (வினைல் இசைத்தட்டுகளும்) கிடைக்கின்றன. ‘புதிதாக ரீமாஸ்டர் செய்யப்பட்டது’ என்று ஒன்றிலும், ‘24 பிட்’ என்று இன்னொன்றிலும், ‘180 கிராம்’ என்று மற்றொன்றிலும் அச்சிட்டிருப்பார்கள். விலையோ சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை ஏறும். அவற்றுள் சிலவற்றுக்கிடையே காதுக்குத் தெரியும் வேறுபாடு ஏதும் இல்லை. சிலவற்றில் சுருதியே பிசகியிருக்கிறது. எது எப்படிப்பட்டது என்பதை அட்டை சொல்லாது.

நான் தொடங்கிய காலத்தில் பழைய பதிவுகள் அடங்கிய மலிவான பெட்டித் தொகுப்பு ஒன்றை வாங்கினேன். பத்து எல்பிகளின் இசை நான்கு சிடிகளில் அடங்கியிருந்தது. ‘முழுவதும் ரீமாஸ்டர் செய்யப்பட்டது’ என்ற வரியை நம்பித்தான் வாங்கினேன். கேட்டால் டிரம்ஸ் கலைஞர் கம்பளிக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிப்பதைப் போலிருந்தது. அந்தக் காலத்துப் பதிவு அப்படித்தான் இருக்கும் என்று இரண்டாண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதே பதிவின் வேறொரு சிடியை ஒரு நண்பர் வீட்டில் கேட்டபோதுதான், குறை 1957ஆம் ஆண்டினுடையது அன்று, பிற்காலத்தில் அதைக் கையாண்டவர்களுடையது என்பது விளங்கியது. ஒரு மறுவெளியீட்டை மதிப்பிட மூன்று செய்திகள் தெரிந்தாக வேண்டும்: அது எந்த மூலத்திலிருந்து எடுக்கப்பட்டது, யார் கையால் தயாரானது, ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைத்துக் கேட்டோமா என்பவை அவை. இக்கட்டுரை இந்த மூன்றையும் பற்றியது.

தொடங்கும் முன் சில சொற்கள்

கலைஞர்கள் வாசிப்பதை மைக்குகள் வழியே நாடாவில் ஏற்றுவது பதிவு. பல தடங்களில் பதிந்ததை ஒரு தடமாகவோ இரண்டு தடங்களாகவோ சேர்ப்பது மிக்ஸிங். அவ்வாறு முடிவுபெற்ற நாடாதான் மாஸ்டர் டேப். அதிலிருந்து எல்பிக்கோ சிடிக்கோ ஏற்றபடி ஒலியளவையும், கனத்த ஒலிகளுக்கும் கூர்மையான ஒலிகளுக்கும் இடையிலுள்ள சமநிலையையும், உருப்படிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியையும் ஒழுங்குசெய்து அச்சுக்கு அனுப்புவது மாஸ்டரிங். ரீமாஸ்டரிங் என்பது இந்தக் கடைசி வேலையை மட்டும் மீண்டும் செய்வதாகும். ஆகவே இடப்பக்கம் ஒலிக்கும் சாக்ஸபோனை நடுவுக்குக் கொண்டுவருவதோ, பியானோவை மட்டும் முன்னே இழுப்பதோ ரீமாஸ்டரிங்கில் இயலாது. அது ரீமிக்ஸ் எனப்படும் வேறு வேலை. தனித்தனித் தடங்கள் எஞ்சியிருந்தால்தான் அதை முறையாகச் செய்யலாம். நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ மூன்று தடங்களில் பதிவானதால், 1997இல் ஒலிப்பொறியாளர் மார்க் வைல்டர் அதைப் புதிதாக மிக்ஸ் செய்ய முடிந்தது. அந்தத் தொகுப்பு பதிவான அதே காலத்தில் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ஒலிப்பொறியாளர் ரூடி வான் கெல்டர் பதிவு செய்தவை அப்படிப்பட்டவை அல்ல. அவர் வாசிப்பு நடக்கும்போதே கலந்து நேராக ஒரே தடமாகவோ (மோனோ) இடம் வலம் என இரண்டு தடமாகவோ (ஸ்டீரியோ) பதிந்துவிட்டார். அங்கே திரும்பக் கலக்க எதுவும் இல்லை.

முதல் படி: பதிவான ஆண்டைப் பாருங்கள்

வெளியான ஆண்டைவிடப் பதிவான ஆண்டு முக்கியமானது. அதை வைத்தே மூலம் தட்டா நாடாவா என்பதை அறியலாம்.

1925க்கு முந்தைய பதிவுகளில் மைக்கும் இல்லை, மின்சாரப் பெருக்கியும் இல்லை. கலைஞர்கள் ஒரு பெரிய கூம்பின் முன் நின்று வாசிக்க, அந்த ஒலியின் அழுத்தமே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. கிங் ஆலிவரின் குழு, இளைஞரான லூயி ஆம்ஸ்ட்ராங்கும் உடன் வாசிக்க, 1923இல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் ஜெனெட் நிறுவனத்துக்காகச் செய்த பதிவுகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அந்த ஸ்டூடியோ ரயில் பாதையை ஒட்டியிருந்ததால் வண்டி கடந்து செல்லும்வரை பதிவை நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. 1925இல் மின்சாரப் பதிவு வந்தது. ஆனாலும் 1940களின் இறுதியில் நாடா பரவும்வரை தட்டுதான் மூலம். பெரும்பாலான அச்சுகள் அழிந்துபோனதால், இன்று சிடியில் நாம் கேட்பது யாரோ ஒரு சேகரிப்பாளர் காப்பாற்றி வைத்த, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டைத்தான்.

இத்தகைய பதிவுகளில் ஒலித்தரம் பெரும்பாலும் கணினிக்கு வெளியிலேயே முடிவாகிவிடுகிறது. கிடைத்த தட்டுகளுள் தேய்மானம் குறைந்ததைக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் பள்ளத்தில் முந்தைய ஊசிகள் தேய்க்காத உயரத்தைத் தொடும்படி, வெவ்வேறு அகலமுள்ள ஊசிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். உறையில் 78 என்று எழுதியிருந்தாலும் அன்றைய இயந்திரங்கள் அதற்குச் சிறிது முன்பின்னாகவே சுழன்றதால், சுருதியைக் கேட்டு வேகத்தைத் திருத்த வேண்டும். இந்தக் கலையில் பெரிதும் மதிக்கப்படுபவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜான் ஆர். டி. டேவிஸ். அவரே சாக்ஸபோன் கலைஞர். கணினி வருவதற்கு முன்பு, தட்டின் ‘டிக்’ ஒலி நாடாவில் எங்கே விழுந்திருக்கிறது என்று தேடி, அந்த இடத்தில் மட்டும் நாடாவின் பூச்சைச் சுரண்டி நீக்கியவர். ஒரு நிமிட இசைக்கு அவர் செலவிட்ட உழைப்பை எண்ணிப் பார்த்தால், ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லை அட்டையில் எளிதாக அச்சிடுவோர் மீது சற்றுக் கோபம் வரும். 78 காலத்து இசையை வாங்கும்போது ஒலி மாற்றம் செய்தவர் பெயர் அட்டையில் இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். டேவிஸின் பெயர் இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

இரைச்சல் நீக்கத்தைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. தட்டின் உராய்வொலியும் நாடாவின் சீறலும் இருக்கும் அதே உயரத்தில்தான் சிம்பலின் (டிரம்ஸோடு அடிக்கும் உலோகத் தகட்டின்) மினுக்கமும், ட்ரம்பெட்டின் விளிம்பும், அறையின் காற்றும் இருக்கின்றன. ஒன்றை முழுவதுமாக நீக்கினால் மற்றதும் உடன் போய்விடும். மென்பொருள் மிகுதியாகப் பயன்பட்டிருந்தால், அமைதியான இடங்களில் நீருக்கடியில் கேட்பது போன்ற ஒரு குமிழியோசையும், சுரம் ஓயும் இடத்தில் திடீரென்று கத்தரித்தது போன்ற வெறுமையும் தென்படும். பழைய பதிவில் இரைச்சலே இல்லையென்றால் மகிழாதீர்கள், சந்தேகப்படுங்கள். நான்கு நிமிடம் கேட்டால் காது உராய்வொலியை ஒதுக்கிவிடும். போன சிம்பலைத் திரும்பக் கொண்டுவர அதனால் முடியாது.

விலகிச் செல்வதானாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1932 பிப்ரவரியில் டியூக் எலிங்டன் குழு விக்டர் நிறுவனத்துக்காக வாசித்தபோது, பாதுகாப்புக்காக இரண்டு இயந்திரங்கள் வெவ்வேறு மைக்குகளிலிருந்து தனித்தனியே பதிந்திருக்கின்றன. அரை நூற்றாண்டுக்குப் பின் இரு சேகரிப்பாளர்கள் அந்த இரு தட்டுகளும் சற்று மாறுபட்டு ஒலிப்பதைக் கவனித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றொன்றை வலப்பக்கமும் வைத்து ஒத்திசைத்தார்கள். யாரும் திட்டமிடாத உண்மையான ஸ்டீரியோ கிடைத்தது.

இரண்டாம் படி: நாடாவின் வழியைத் தேடுங்கள்

நாடாக் காலத்துப் பதிவுகளில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த மறுவெளியீடு மாஸ்டர் டேப்பிலிருந்து வந்ததா, நகலிலிருந்து வந்ததா என்பதே. ஒவ்வொரு நகலெடுப்பிலும் சீறல் கூடும், கூர்மை மழுங்கும். அத்துடன், வெளிநாட்டு அச்சகங்களுக்கு அனுப்பப்பட்ட நகல்கள் பெரும்பாலும் எல்பிக்கு ஏற்றபடி முன்கூட்டியே ஒலி மாற்றப்பட்டவை. எல்பியின் பள்ளம் தாங்காது என்பதற்காகக் கனத்த ஒலிகளைக் குறைத்து, உச்சங்களை அமுக்கியிருப்பார்கள். சிடி வந்த தொடக்க ஆண்டுகளில் கைக்கெட்டிய நாடா எதுவோ அதையே எடுத்து வெளியிட்ட நிகழ்வுகள் உண்டு. ஜான் கோல்ட்ரேன் 1964 டிசம்பர் 9இல் பதிந்த ‘எ லவ் சுப்ரீம்’ இதற்கு நல்ல சான்று. அதன் 2002ஆம் ஆண்டு வெளியீட்டுக்கு, முன்பு பயன்பட்டவற்றைவிடத் தரமான நாடா ஒன்று இங்கிலாந்தில் கிடைத்தது. 1965இல் அங்கே அச்சிடுவதற்காக அனுப்பப்பட்ட நகல் அது. பிறந்த நாட்டில் இல்லாத நல்ல நாடா வேற்று நாட்டு அலமாரியில் உறங்குவது இத்துறையில் அரிதன்று.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் கதை இன்னும் விந்தையானது. 1959 மார்ச் 2இல் முதல் நாள் பதிவு நடந்தபோது முதன்மை நாடா இயந்திரம் சற்று மெதுவாக ஓடியது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை விரைந்து, சுருதியும் ஏறும். அன்று பதிவான மூன்று உருப்படிகளே எல்பியின் முதல் பக்கம். ஆகவே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் விற்ற எல்பிகளில் முதல் பக்கம் சுருதி கூடியும், ஏப்ரல் 22இல் பதிவான இரண்டாம் பக்கம் சரியாகவும் இருந்தன. துணைக்கு ஓடிய மற்றோர் இயந்திரத்தின் நாடா சரியான வேகத்தில் இருந்ததைக் கண்டு, 1992ஆம் ஆண்டின் சிடியில்தான் முதன்முதலில் திருத்தினார்கள். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஊதுபவர் விருப்பத்துக்குச் சற்று ஏறலாம், இறங்கலாம். பியானோவால் அப்படி முடியாது. அதனால் இதை நீங்களே சோதிக்கலாம். முதல் உருப்படியான ‘சோ வாட்’ ஒலிக்கும்போது ஒரு கீபோர்டில் ‘டி’ கட்டையை அழுத்திப் பிடியுங்கள். திருத்திய வெளியீட்டில் அது பொருந்தி நிற்கும். பழையதில் டிக்கும் அடுத்த கறுப்புக் கட்டைக்கும் நடுவே எங்கோ உரசிக்கொண்டிருக்கும். சுருதிப் பெட்டியோடு பழகிய காதுக்கு இந்தச் சோதனை சில நொடி வேலை. இன்று கிடைக்கும் வெளியீடுகளிலும் பழைய வேகத்தை விரும்பியே தக்கவைப்பவை இருக்கின்றன என்பதால் வாங்குமுன் குறிப்பைப் படித்துக்கொள்வது நல்லது.

எப்படித் தெரிந்துகொள்வது? அட்டையின் பின்புறத்திலும் உட்குறிப்பிலும் உள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ‘மூல மாஸ்டர் டேப்பிலிருந்து’ என்று தெளிவாகச் சொல்லி, மாஸ்டரிங் செய்தவர் பெயரையும் இடத்தையும் தருவது நல்ல அடையாளம். ‘மூலப் பதிவுகளிலிருந்து’, ‘உயர்தர மூலங்களிலிருந்து’ என்றெல்லாம் மழுப்புவது நல்ல அடையாளம் அன்று. ‘ஏஏடி’, ‘ஏடிடி’ என்று சிடிகளில் காணப்படும் மூன்றெழுத்துக் குறி, பதிவு, மிக்ஸிங், மாஸ்டரிங் ஆகிய மூன்றும் அனலாக்கா டிஜிட்டலா என்பதை மட்டுமே சொல்லும். தரத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

மலிவுத் தொகுப்புகள் ஏன் இவ்வளவு பெருகின என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமை நெடுங்காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. 2013இல் அது 70 ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டபோது, ஏற்கெனவே உரிமை முடிந்தவை திரும்பச் சேர்க்கப்படவில்லை. ஆகவே 1962 வரை வெளியான ஜாஸ் முழுவதையும் அங்கே யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் மாஸ்டர் டேப் உரிமையாளரின் கிடங்கில்தான் இருக்கிறது. அப்படியானால் பிறர் எதிலிருந்து எடுக்கிறார்கள்? பழைய எல்பியிலிருந்து, அல்லது வேறொருவர் வெளியிட்ட சிடியிலிருந்து. எல்பியிலிருந்து அக்கறையோடு எடுக்கும் சிறு நிறுவனங்களும் உண்டு. ஆயினும் கனமான பளபளப்பு எல்பியில் ஏறியிருப்பது உண்மையில் ஒரு சிடியின் நகல்தான் என்ற நிலை இந்த வகையில் அடிக்கடி நேர்கிறது. 180 கிராம் என்பது பிளாஸ்டிக்கின் எடையை மட்டும் குறிக்கும்.

மூன்றாம் படி: மோனோவா ஸ்டீரியோவா என்று முடிவுசெய்யுங்கள்

ஸ்டீரியோ உயர்ந்தது, மோனோ தாழ்ந்தது என்ற எண்ணத்தை ஜாஸ் கேட்பவர் விட்டுவிட வேண்டும். 1957 வரையிலான பதிவுகள் ஏறத்தாழ எல்லாமே மோனோ. சோனி ரோலின்ஸ் 1956இல் பதிந்த ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ மோனோவிலேயே ஆழமும் உடலும் கொண்டு ஒலிக்கிறது. அதன்பின் வந்த சில ஆண்டுகளின் ஸ்டீரியோவில் ஊதுகருவிகள் ஒரு பக்கமும் டிரம்ஸ் மறு பக்கமுமாக ஒதுங்கியிருக்கும். ஹெட்போனில் கேட்டால் ஒரு காது நிறைந்து மறு காது வெறிச்சோடும். ஹெட்போனே துணை என்றால் மோனோ வெளியீட்டைத் தேடுவது தகும். ஆனால் ஏமாற வேண்டாம். 1950களின் இறுதியிலிருந்து ப்ளூ நோட்டில் இரு தட நாடா மட்டுமே ஓடியது. மோனோ எல்பி என்பது அந்த இரண்டையும் ஒன்றாகக் கூட்டியதுதான். அப்படிப்பட்ட தொகுப்புக்கு ‘அரிய மோனோ’ என்று இரட்டை விலை கொடுப்பதில் பொருளில்லை. உங்கள் கருவியிலேயே மோனோ பொத்தான் இருக்கக்கூடும்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. 1960களில் ஸ்டீரியோ மோகம் பெருகியபோது, பழைய மோனோ பதிவுகளை வடிகட்டி, கனத்த ஒலியை ஒரு பக்கமும் கூர்மையான ஒலியை மறு பக்கமும் பிரித்து, எதிரொலி சேர்த்து, ‘மின்னணு முறையில் ஸ்டீரியோவாக்கப்பட்டது’ என்று விற்றார்கள். கேப்பிடல் நிறுவனம் அதற்கு ‘டுவோஃபோனிக்’ என்று பெயரிட்டது. பழைய எல்பிக் கடைகளில் இவை இன்றும் கிடைக்கும். வைத்துவிட்டு வாருங்கள்.

பிற்காலத்தில் ஸ்டீரியோவாக்கியதில் மதிக்கத்தக்க விதிவிலக்கு எலிங்டனின் 1956 நியூபோர்ட் கச்சேரி. அன்று சாக்ஸபோன் கலைஞர் பால் கோன்சால்வெஸ் 27 சுற்றுகள் தொடர்ந்து வாசித்து அரங்கையே எழுந்து ஆடவைத்தார். ஆனால் அவர் நின்றது கொலம்பியாவின் மைக்குக்கு முன் அல்ல, வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்குக்கு முன். அதனால் எல்பியில் அவர் தொலைவில் ஒலித்தார். அந்த எல்பியில் பெரும்பகுதி ஸ்டூடியோவில் மீண்டும் வாசித்து, கைதட்டல் ஒட்டப்பட்டதும்கூட. வானொலியின் நாடா 1990களில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் கிடைத்தபின், தயாரிப்பாளர் ஃபில் ஷாப் அதையும் கொலம்பியாவின் நாடாவையும் நொடி பிசகாமல் இணைத்து 1999இல் உண்மையான ஸ்டீரியோவாக வெளியிட்டார். இந்தக் கச்சேரியை மட்டும் பழைய எல்பியில் வாங்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன்.

நான்காம் படி: யார் கை என்று பாருங்கள்

எல்பியின் கடைசி உருப்படி முடிந்து மையச் சீட்டு தொடங்குமுன் உள்ள வெற்று வளையத்தை விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். அங்கே கீறப்பட்டிருக்கும் எழுத்துகளே அந்தத் தட்டின் பிறப்புச் சான்று. ‘ஆர்விஜி’ அல்லது ‘வான் கெல்டர்’ என்ற முத்திரை இருந்தால், பதிந்தவரே தம் கையால் வெட்டிய அச்சு அது. பழைய ப்ளூ நோட் தட்டுகளில் காது வடிவில் ஒரு சிறு குறியும் இருக்கும். அது 1966 வரை அவற்றை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் அடையாளம். இன்றைய மறுவெளியீடுகளிலும் கெவின் கிரே, பெர்னி கிரண்ட்மன் போன்ற மாஸ்டரிங் பொறியாளர்களின் முதலெழுத்துகளை அங்கே காணலாம். இந்த எழுத்துகளை, இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்துவைக்கும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தேடினால் எந்த ஆண்டு, எந்த ஆலை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சிடியிலும் உள்வளையத்தில் எண்கள் உண்டு. ஒரே அட்டையில் இரு வேறு மாஸ்டரிங் வெளிவந்திருந்தால் அவற்றைப் பிரித்தறிய அந்த எண்களே வழி.

வான் கெல்டரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எது மூல ஒலி என்ற கேள்வி அவரிடம்தான் கூர்மையாக எழுகிறது. பகலில் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே, நியூஜெர்சியின் ஹேக்கன்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிந்தவர் அவர். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக் கூரையுடன் தனி ஸ்டூடியோ கட்டினார். எல்பிக்கு அச்சு வெட்டும்போது, அன்றைய மலிவான கருவிகளில் ஊசி குதிக்காமலும், ஒலி துடிப்பாகவும் இருக்கும்படி கனத்த ஒலியைக் குறைத்து, நடுப்பகுதியை முன்னே தள்ளினார். ஆகவே நாடாவில் இருப்பதும் அன்று மக்கள் கேட்டதும் ஒன்றல்ல. நாடாவை மாற்றமின்றி அப்படியே சிடியில் ஏற்றினால், எல்பியோடு வளர்ந்தவர் ‘உயிரில்லை’ என்பார். எல்பியைப் போல் ஆக்கினால், நாடாவைக் கேட்டவர் ‘அமுக்கிவிட்டார்கள்’ என்பார். 1999 முதல் வான் கெல்டரே தம் பழைய நாடாக்களை 24 பிட்டில் மாற்றிச் சிடி வரிசையாக வெளியிட்டார். பதிந்தவரே செய்தது என்பதால் அதுவே இறுதி என்று நம்பி நானும் பலவற்றை வாங்கினேன். என் காதுக்கு அவற்றுள் பல, தேவைக்கு மேல் உரக்கவும், இடவலப் பரப்பு சுருங்கியும் ஒலிக்கின்றன. மோனோ பதிவுகளில் அந்தக் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை. 2019இல் தொடங்கிய ‘டோன் பொயட்’ எல்பி வரிசையில், ஜோ ஹார்லியின் மேற்பார்வையில் கெவின் கிரே அதே நாடாக்களிலிருந்து வெட்டியவற்றில் பாஸ் வாத்தியம் முழு உடலோடு நிற்கிறது. இது என் தேர்வு. அன்றைய எல்பியின் முரட்டுத் துடிப்பையே விரும்புவோர் என்னோடு உடன்படமாட்டார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஐந்தாம் படி: ஒலியளவைச் சமமாக்கி ஒப்பிடுங்கள்

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். இரண்டு வெளியீடுகளுள் ஒன்று ஒரு டெசிபல் உரக்க இருந்தாலே, உரக்க இருப்பதுதான் தெளிவாகவும் நெருக்கமாகவும் இருப்பதாகக் காது தீர்ப்பளித்துவிடும். 1990களிலிருந்து சிடிகளை மேலும் மேலும் உரக்கச் செய்யும் போட்டி நடந்ததற்கு இதுவே காரணம். உச்சங்களை அமுக்கி, மெல்லிய இடங்களை உயர்த்தினால் கடையில் கேட்பவருக்கு அது பளிச்சென்று தோன்றும். வீட்டில் அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துவிடும். மென்மைக்கும் வன்மைக்கும் இடையிலுள்ள தூரத்தில்தான் டிரம்ஸ் கலைஞரின் கலை இருக்கிறது என்பதால், இந்த அமுக்கத்தால் பிற இசையைவிட ஜாஸுக்கு இழப்பு மிகுதி.

ஆகவே ஒப்பிடுமுன் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் இரண்டையும் திறந்து, ஒரே பகுதியின் சராசரி ஒலியளவைச் சமமாக்குங்கள். திறந்ததும் அலைவடிவமே பாதிக் கதையைச் சொல்லும். முட்களும் பள்ளங்களுமாகத் தெரிந்தால் நல்லது. மேலும் கீழும் வெட்டிய செங்கல்லைப் போலிருந்தால் அமுக்கியிருக்கிறார்கள். எந்த உயரத்தில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் அறுத்தது போல வெறுமையாக இருந்தால், அந்தச் சிடி ஒரு எம்பி3 கோப்பிலிருந்து பிறந்திருக்கக் கூடும். மோனோ என்று விற்பதைச் சோதிக்க, இரு பக்கங்களையும் பிரித்து, ஒன்றைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். உண்மையான மோனோவானால் முழு அமைதி கிடைக்கும். எல்பியிலிருந்து எடுத்ததானால் இசை மறைந்து தட்டின் பொரிச்சல் மட்டும் தனியே கேட்கும்.

பிறகு காதால் கேளுங்கள். முழுத் தொகுப்பையும் ஒப்பிட முயன்றால் நினைவு குழம்பும். அரை நிமிடப் பகுதிகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ‘சோ வாட்’டில் தொடக்கத்தில் வாத்தியங்கள் ஒன்றுக்கொன்று பதிலளித்து வாசிப்பது முடிந்து மைல்ஸ் தனியாவர்த்தனத்துக்குள் நுழையும் கணத்தில் டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் ஒரு சிம்பலை ஓங்கி அடிக்கிறார். அந்த ஒலி எவ்வளவு நேரம் கரைந்துகொண்டே போகிறது என்று பாருங்கள். நல்ல வெளியீட்டில் அது ட்ரம்பெட்டுக்குப் பின்னால் நெடுநேரம் மினுங்கி ஓயும். இரைச்சல் நீக்கியதில் விரைவில் அணைந்துவிடும். பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25இல் நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டில் வாசித்த பதிவுகளில் கண்ணாடிக் கோப்பைகளின் கிணுகிணுப்பையும் மேசைப் பேச்சையும் கவனியுங்கள். அவை இசைக்குப் பின்னால் ஓர் அறையாக விரிகின்றனவா, மேலே ஒட்டிய ஓசையாக இருக்கின்றனவா என்பதே சோதனை. ஸ்காட் லஃபாரோவின் பாஸில் சுரத்தோடு விரல் நரம்பை விடும் ஓசையும் கேட்க வேண்டும். வெறும் ‘தும் தும்’ என்றால் கனத்த ஒலியைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். முடிந்தால் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்லி, எது எதுவென்று தெரியாமல் கேளுங்கள். விலை உயர்ந்ததை அடையாளம் காண முடியாமல் நான் பலமுறை விழித்திருக்கிறேன்.

ஆறாம் படி: வடிவத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

எல்பியா, சிடியா, இணையத்தில் கேட்பதா என்ற கேள்வியை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன், ஏனெனில் நல்ல மாஸ்டரிங் எந்த வடிவத்தில் கிடைக்கிறதோ அதுவே நல்ல வடிவம். சிடியின் 16 பிட், 1950களின் நாடா தரக்கூடிய ஒலி வேறுபாட்டுக்குப் போதியதைவிட மிகுதியாகவே இடம் தருகிறது. ஜப்பானிலிருந்து வரும் எஸ்ஹெச்எம் சிடிகளில் பிளாஸ்டிக் உயர்ந்ததாக இருக்கலாம், ஆனால் அதில் பதிந்துள்ள டிஜிட்டல் எண்கள் சாதாரணச் சிடியில் உள்ளவைதான். அங்கே வேறொரு மாஸ்டரிங் செய்திருந்தால் மட்டுமே வாங்கக் காரணம் உண்டு.

எல்பியில் முழுக்க அனலாக் என்ற சொல்லுக்கு இப்போது பெரும் விலை. 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் எல்பிகள் பலவற்றில் நாடாவுக்கும் தட்டுக்கும் நடுவே டிஎஸ்டி எனும் டிஜிட்டல் படி இருந்தது தெரியவந்து, வழக்கு வரை சென்றது. அதுவரை அவற்றின் அனலாக் இனிமையைப் புகழ்ந்தவர்களுள் எவரும் அதைக் காதால் கண்டுபிடித்திருக்கவில்லை. வாங்குபவரிடம் மறைத்தது தவறு. அந்தத் தட்டுகள் நன்றாக ஒலித்ததும் உண்மை. தொடங்குபவர் அனலாக் என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. எல்பியில் உண்மையில் கவனிக்க வேண்டியது மையத் துளை நடுவில் இருக்கிறதா, தட்டு வளைந்திருக்கிறதா என்பவை. துளை விலகியிருந்தால் பியானோவின் நீண்ட சுரங்கள் அலையும்.

இணையச் சேவைகளில் ஒரே தொகுப்பின் பல வெளியீடுகள் இருக்கும். அங்கே ஒலியளவைச் சமமாக்கும் வசதி இயல்பாகவே இயங்குவதால் ஒப்பிடுவது எளிது. ஆனால் எந்த மாஸ்டரிங் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. நேற்று இருந்த கோப்பை இன்று சொல்லாமல் மாற்றியும் விடுவார்கள். அங்கே கேட்டுப் பழகி, பிடித்ததை மட்டும் தட்டாக வாங்குவது செலவைக் குறைக்கும்.

புதிய வெளியீடு வந்ததும் பழைய சிடியைக் கைவிட்டுவிடாதீர்கள். மேலே சொன்னபடி ஒலியளவைச் சமமாக்கி ஒப்பிட்டு முடிக்கும்வரை அது அலமாரியிலேயே இருக்கட்டும். 1980களில் நாடாவை அதிகம் தொடாமல் அப்படியே மாற்றிய, அட்டை மங்கிய சிடிகள் சில, பின்னால் வந்த மூன்று ரீமாஸ்டர்களையும்விட இயல்பாக ஒலிப்பதுண்டு. அவை அச்சில் இல்லை. பழைய பொருள் கடைகளில் இன்னும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன.